எட்வர்ட் வீட்டு வாசலில் ஆழம் அதிகம்

“யோவ்! கடப்பாறைய வுடுய்யா!”

இரவு ஷிப்ட் முடிந்து வந்து, வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்த எட்வர்ட், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பாய்ந்தான். கடப்பாறையின் மறுமுனையைப் பிடித்திருந்த கூலியாளும் விடவில்லை. இருவரும் ஒரே கடப்பாறையோடு வாசலில் அரை வட்டம் அடித்தார்கள். டூத் பிரஷ் எகிறிப் போய்க் கோழிக் கூண்டின் மேல் விழுந்தது.

வாசற்படிக்கு நாலடி முன்னால், அவன் மனைவி மெர்சி துணி துவைக்கும் கல்லை ஒட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியாகிவிட்டது. குழியில் நடவேண்டிய பலகை சுவரில் சாய்ந்து நின்றது. நீல நிறம். வெள்ளை எழுத்து.

‘எச்சரிக்கை. ஏரியின் ஆழமான பகுதி. இங்கே குளிப்பதும் துணி துவைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது.’

எட்வர்ட் இரண்டு முறை படித்தான். பலகைக்குப் பின்னால் தன் வீடு. வலப்பக்கம் கங்கம்மா வீடு. தெருக்கோடியில் வரதனின் டீக்கடை. பங்குனி வெயிலில் தெருப்புழுதி வெந்துகொண்டிருந்தது. ஒரு கோழி அந்த ஏரியைக் கிளறி எதையோ கொத்தித் தின்றது.

“இன்னா சார் இது? எங்க கீது ஏரி?”

குடை பிடித்து நின்ற சர்வேயர் சுப்பராயன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்க நிக்கிறதுதான் ஏரி. மொதல்ல கரைக்கு வாங்க. நடு ஏரியில நின்னு பேசினீங்கன்னா நாளைக்கு எனக்குப் பிரச்சினை.”

“கரையா? கரை எங்க?”

“டீக்கடை தாண்டி ஒரு ஈ.பி. கம்பம் இருக்கு பாருங்க. அதான் கரை.”

சுப்பராயன் கம்பத்தடிக்கு நடந்தார். போய் நின்றதும், பையிலிருந்து வரைபடத்தை எடுத்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்தார். கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்துக்கான புதுநகர் நிலப் பயன்பாட்டு வரைபடம். மஞ்சள் என்றால் வீடு. பச்சை என்றால் வயல். ஊதா என்றால் தொழிற்சாலை. நீலம் என்றால் தண்ணீர். நெடுவரம்பேடு ஊரின் சின்னஓடை காலனி, அறுபத்திரண்டு வீடுகளும் ஒரு சின்ன சர்ச்சும் ஒரு மாரியம்மன் கோயிலும் சேர்த்து, அடித்துத் துவைத்து நீலம் போட்ட மாதிரி இருந்தது.

காலனிக்கு வடக்கே இருந்த அல்லித்தாங்கல் மட்டும் ஊதாவாக இருந்தது.

அது நிஜமான ஏரி. சின்னதுதான். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் வரை அதில் தண்ணீர் நின்றது, கொக்கு நின்றது, எருமை நின்றது. அப்புறம் லாரி லாரியாக இடிந்த கட்டட மண் வந்து கொட்டியது. இப்போது அங்கே தகரக் கூரை போட்ட கிடங்கு ஒன்று நிற்கிறது. கிடங்கு வந்த வருஷம் ஐப்பசியில் வழக்கம்போலத் தன் இடத்தைத் தேடி வந்த மழைத் தண்ணீர், கிடங்கின் மதில் சுவரைப் பார்த்து மலைத்து, பக்கத்துக் காலனியில் குடியேறிவிட்டது. அன்றிலிருந்து எல்லா மழைக்கும் வருகிறது. நாற்பது நாள் தங்கிவிட்டுப் போகிறது.

சுப்பராயன் ஒரு தாளை நீட்டினார். நீர்நிலைக்குள் கட்டுமானம் செய்துள்ள அ. எட்வர்ட், த/பெ அந்தோணி என்பவர், இருபத்தொரு நாட்களுக்குள் தாமே இடித்து அகற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் புதுநகர் திட்டக் குழுமம் அகற்றும்.

எட்வர்ட் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பா அந்தோணி வயலில் கூலி வேலை செய்த காலத்தில் சர்க்கார் கொடுத்த வீட்டுமனைப் பட்டா. ஓலைக் கூரையாக இருந்ததை, ரோலிங் மில்லில் பதினெட்டு வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்று, காங்கிரீட் ஆக்கியவன் எட்வர்ட். போன கிறிஸ்துமஸுக்குத்தான் பெயிண்ட் அடித்தான். அதுவும் நீலமாகப் போயிற்றே என்று இப்போது வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

“என்கிட்ட பட்டா கீது சார்!”

“பட்டா உங்ககிட்ட இருக்கு. ஏரி எங்ககிட்ட இருக்கு,” என்றார் சுப்பராயன். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தவர், சட்டென்று திரும்பி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். “உங்கள நான் எங்கயோ பாத்திருக்கேனே?”

“மில்லுல பாத்திருப்பீங்க.”

“இல்ல, வேற எங்கயோ,” என்று முனகியபடியே போய்விட்டார்.

* * *

புதுநகர் திட்டக் குழுமத்தின் அலுவலகம் புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. படியேறும் எல்லா மனுவிலும் வெண்ணெய் பிஸ்கட் வாசனை அடிக்கும்.

திட்ட அலுவலர் அன்புசெல்வன் சிரித்த முகம். மேஜையை அடைத்துக்கொண்டு புதுநகரின் தெர்மோகோல் மாதிரி வடிவம் இருந்தது. குட்டிக் குட்டி மரங்கள், குட்டிக் குட்டித் தொழிற்சாலைகள். சின்னஓடை காலனி இருக்கவேண்டிய இடத்தில் நீலக் கண்ணாடித் தாள் ஒட்டி, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் வாத்துகளை விட்டிருந்தார்கள். எட்வர்ட் கணக்குப் பார்த்தான். ஒரு வாத்து அவன் சமையலறையில் நின்றது.

“சார், என் ஊட்ட ஏரின்னு போட்டுட்டாங்க.”

“ஏரிப் பக்கம் வீடு கிடைக்கிறது எவ்வளவு பெரிய கொடுப்பினை தெரியுமா?”

“பக்கத்துல இல்ல சார். உள்ள.”

அன்புசெல்வன் நாற்காலியில் சாய்ந்தார். இந்தக் கேள்வி வருவதற்காகவே காத்திருந்தவர் மாதிரி விரல்களைக் கோத்துக்கொண்டார்.

“எட்வர்ட், பொறுமையாக் கேளுங்க. நீர்நிலைன்னா எங்களுக்கு உயிர். குழுமம் ஆரம்பிச்ச முதல் நாளே ஒரு உறுதிமொழி எடுத்தோம். நம்ம எல்லைக்குள்ள நீர்நிலைப் பரப்பு ஒரு சென்ட் கூடக் குறையக் கூடாது. இன்னிக்கு வரைக்கும் குறையலை. அல்லித்தாங்கல் மூணு ஏக்கர் நாப்பது சென்ட். அதைத் தொழில் வளர்ச்சிக்குக் கொடுத்தோம். கொடுத்துட்டு சும்மா இருந்தோமா? அதே மூணு ஏக்கர் நாப்பது சென்டை உங்க காலனியில சேர்த்துட்டோம். இந்த நேர்மையை நீங்க வேற எங்க பாப்பீங்க?”

“தண்ணி இருந்த ஏரிய மூடிட்டு, தண்ணி இல்லாத ஊட்ட ஏரின்றீங்களே சார்!”

“தண்ணி வரும், போகும். அதை நம்பி திட்டம் போட முடியுமா? வரைபடம் நிக்கும்.”

“மூணு ஏக்கரா வேணும்னா எவ்ளோ பொறம்போக்கு கீது. எங்க ஊடுங்கதான் கெடச்சுதா?”

அன்புசெல்வனின் சிரிப்பு முதல்முறையாக மறைந்தது. நெஞ்சில் கை வைத்தார். “அந்தப் பழியை மட்டும் எங்க மேல போடாதீங்க. நாங்களா எடுக்கலை. இது மக்கள் கோரிக்கை. உங்க காலனிக்காரர் ஒருத்தரே கைப்பட கையெழுத்துப் போட்டு, போட்டோ வெச்சு, மனு கொடுத்திருக்கார்.”

எட்வர்ட் மேஜை மேல் குனிந்தான். “எங்க காலனியா? எவன் சார் அவன்?”

“மனுதாரர் விவரம் வெளிய சொல்றதில்லை. அது எங்க கொள்கை.”

“நாங்க கால்வா கேட்டு மனு குடுத்து மூணு வருசம் ஆவுது. ஒரு பதில் இல்ல. ஏரி கேட்டவனுக்கு மட்டும் ஏரியே குடுத்துட்டீங்களா?”

“பதில் கிடைக்காத மனு இந்த ஆபீஸ்ல ஒண்ணு கூடக் கிடையாது,” என்றார் அன்புசெல்வன் பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒரு வழி இருக்கு. அந்த மனுதாரர் நேர்ல வந்து மனுவை வாபஸ் வாங்கினா, அடிப்படையே போயிடும். அந்த நிமிஷமே நீலம் மஞ்சளாயிடும். அவர் காலனியில வசிக்கிறவரா இருக்கணும், அவ்வளவுதான்.”

எட்வர்ட் பல்லைக் கடித்தான். “கண்டுபுடிச்சிக் கழுத்தப் புடிச்சி இஸ்துக்கினு வரேன் சார்.”

“இன்னொரு வழியும் இருக்கு. திருவள்ளூர்ல நம்ம நீர்ப் பிரிவுல, அங்க தண்ணி இல்லைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க.” எட்வர்ட் எழுந்தபோது அன்புசெல்வன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “உங்க முகம் ரொம்பப் பரிச்சயமா இருக்கே!”

* * *

நீர்ப் பிரிவுப் பொறியாளர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வீட்டுல தண்ணி இல்லைன்னு நாங்க சான்றிதழ் தர முடியாதுங்க. எங்க அதிகாரம் ஏரி, குளத்துக்கு மட்டும்தான்.”

ஷிப்டுக்கு லீவு போட்டு, செவ்வாப்பேட்டை வழியாக ரயிலில் நின்றுகொண்டே வந்து, மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அலுப்பில் எட்வர்ட் ஒரு வார்த்தை விட்டான். “அப்போ ஏரின்னே வெச்சிக்கினு குடுங்க சார்!”

பொறியாளர் முகம் மலர்ந்தது. இருபதே நிமிஷத்தில் சான்றிதழ் தயாரானது. ‘மேற்படி ஏரி தற்போது வறண்ட நிலையில் உள்ளது.’

“கீழ ஒரு உறுதிமொழி. நீங்க ஏரிக்குள்ள வசிக்கிறவரா இருந்தா நான் சான்றிதழ் தரக் கூடாது, கேஸ் போடணும். அதனால ‘நான் மேற்படி இடத்தில் வசிக்கவில்லை’ன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

எட்வர்ட் யோசித்தான். ஏரிக்குள் யாராவது வசிப்பார்களா? தவளைதான் வசிக்கும். நிஜத்தைத்தானே கேட்கிறார்கள் என்று சந்தோஷமாகவே போட்டான்.

சான்றிதழ் புதுவாயலுக்கு வந்த வேகம் அவனுக்கே ஆச்சரியம். பலனும் அதே வேகத்தில் வந்தது. வறண்ட ஏரி என்றால் தூர் வாரவேண்டும். இருபத்தொன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, ஆக்கிரமிப்பு அகற்றுவதும் தூர் வாருவதும் ஒரே ஜே.சி.பி.யில் நடக்கும் என்று காலனி வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எரிபொருள் சிக்கனம் என்று அதில் ஒரு குறிப்பும் இருந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. குழுமத்தின் மீன் பிரிவு. காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் ஐயாயிரம் கட்லா குஞ்சுகள்.

“கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க. இன்னிக்குள்ள ஏரியில விடணும்,” என்றார் மீன் பிரிவு ஊழியர். பாவம், அவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

“ரோட்டுல ஊத்தச் சொல்றியா?” என்று எகிறினான் எட்வர்ட்.

“எனக்கு இலக்கு இருக்கு சார். ஊத்தி ஒரு போட்டோ எடுத்தா போதும். அப்புறம் அதுங்க பாடு.”

முதல் பையை அவர் உண்மையிலேயே அவிழ்த்துவிட்டார். புழுதியில் விழுந்து வெள்ளி வெள்ளியாகத் துள்ளிய குஞ்சுகளைப் பார்த்த மெர்சிக்குப் பொறுக்கவில்லை. “அய்யோ, உசுருங்க! ஏய்யா, பாத்துக்கினே நிக்கிறியே!” என்று ஓடிப்போய், குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்த மூன்று டிரம்மையும் உருட்டிக்கொண்டு வந்தாள். காலனிப் பெண்கள் எல்லாரும் குடம், அண்டா, குழந்தை குளிப்பாட்டும் டப் என்று கொண்டுவந்து குஞ்சுகளை வாங்கிக்கொண்டார்கள். ஊழியர் போட்டோ எடுத்துக்கொண்டே, “இங்க முன்னாடி மீன் வந்திருக்கா?” என்று கேட்டார்.

“வெள்ளத்துல ஒரு தபா வந்துது. எங்கூட்டுக்காரரு வெறுங்கையாலயே ஒரு விரால் புடிச்சாரு. இம்மாம் நீளம்,” என்று முழங்கை வரைக்கும் காட்டினாள் மெர்சி.

இரண்டு நாள் கழித்து ஆய்வுக்கு வந்தவர்கள், மெர்சி டிரம்முக்குள் சோற்றுப் பருக்கை தூவிக்கொண்டிருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். ‘நீர்நிலையில் மீன்வளம் செழிப்பாக உள்ளது. கரையோர மக்கள் அன்புடன் பராமரிக்கின்றனர்.’

“நீ இன்னா பண்ணி வெச்சிக்கிற பாத்தியா?” என்று எட்வர்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

“அதுங்கள சாவடிக்கச் சொல்றியா? பெரிய ஆபீசரு மாதிரி பேசாத,” என்றாள் மெர்சி.

* * *

மிச்சம் இருந்தது முதல் வழிதான். மனுதாரரைக் கண்டுபிடிக்கவேண்டும்.

எட்வர்டின் முதல் சந்தேகம் டீக்கடை வரதன் மேல். ஈ.பி. கம்பத்துக்கு ஆறடி பக்கத்திலேயே இருப்பதால், ஏரி வந்தால் கரையோர வியாபாரம் பண்ணலாம் என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

“இன்னா வரதா, ஏரி கேட்டு எழுதிக் குடுத்தியாமே?”

வரதன் பாய்லரைப் பார்த்தபடியே சொன்னான். “ஆமா. நடு ஏரியில டீ ஆத்தலாம்னு படகு கூட ஆர்டர் குடுத்துக்கிறேன். போவியா! என் கடையும் உள்ளதான் வருது. மேப்ப நல்லா பாரு.”

அடுத்தது கங்கம்மா. குழாயடியில் அவளுக்கும் மெர்சிக்கும் ஆகாது. அந்தக் கோபத்தில் செய்திருப்பாளோ?

“நைனா, நானு கையெழுத்தா போடறேன்? இதோ பாரு,” என்று கட்டைவிரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள் கங்கம்மா. “ரேகதான். என்னப் போயி கேட்டியே, உனுக்கே நல்லாக்கீதா?”

நாலு நாளில் காலனி இரண்டுபட்டது. சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ குரல்காரர்கள் சோப்ரானோ குரல்காரர்களோடு பேசவில்லை. மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் கமிட்டியில் மூன்று பேர் ராஜினாமா. எந்த வீட்டில் பேனா இருந்தாலும் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒருநாள் நாஷ்டா நேரத்தில் டீக்கடை முன்னால் எல்லாரும் கூடியிருக்க, எட்வர்ட் பெஞ்சின் மேல் ஏறினான்.

“எவனா இருந்தாலும் இப்பவே ஒத்துக்கோ! நானா கண்டுபுடிச்சேன், கழுத்துல கல்லக் கட்டி அதே ஏரியில எறக்கிடுவேன்!”

“மொதல்ல தண்ணி வரட்டும், அப்பால எறக்கு,” என்றான் வரதன்.

பதினெட்டாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். வாசலிலேயே ஆளுக்கு ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலமும், ஒரு ஆரஞ்சு நிற மிதவை உடுப்பும் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். ஏரிக்குள் இருந்து வருகிறவர்களுக்கு அரங்கிலும் பாதுகாப்பு முக்கியமாம். மஞ்சள் பகுதிக்காரர்கள் மட்டுமே பேசலாம். நீலத்தில் குடியிருப்போர் யாரும் இல்லை என்பதால் சின்னஓடைக்காரர்கள் பார்வையாளர்கள். மிதவை உடுப்போடு இருநூறு பேர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார்கள்.

அன்புசெல்வன் மைக்கைப் பிடித்தார். “நிறைய பேர் கேக்கறாங்க, திட்டம் யாருக்காகன்னு. நான் சொல்றேன். திட்டம் திட்டத்துக்காக! மக்களுக்காகத் திட்டம் போட்டா, மக்கள் மாறும்போதெல்லாம் திட்டம் மாறும். அப்புறம் அது என்ன திட்டம்? நாங்க நெடுங்காலத்தை மனசுல வெச்சிருக்கோம். அந்த நெடுங்காலத்துல இங்க இருக்கிற யாரும் இருக்கப் போறதில்லை.”

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எட்வர்ட் எழுந்து கத்தினான். “என் ஊட்டாண்ட ஆழம் எவ்ளோன்னாவது சொல்லுங்க சார்!”

“மூணடி,” என்றார் அன்புசெல்வன், தாளைப் பார்க்காமலே. “அதுவும் அந்த மனுவுலயே இருக்கு. எவ்வளவு துல்லியமான மனு! பயிற்சிக்கு வர்ற புது அலுவலர்களுக்கு நாங்க அதைத்தான் காட்டறோம், மனுன்னா இப்படி இருக்கணும்னு. அந்த மனுதாரர் மட்டும் இந்த அரங்குல இருந்தா, எழுந்து நிக்கணும். அவருக்கு ஒரு சால்வை போத்தணும்.”

இருநூறு மிதவை உடுப்புகளும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தன. ஒருவரும் எழவில்லை. ஏற்கெனவே எழுந்து நின்றிருந்த எட்வர்ட் மட்டும் ஆத்திரத்தோடு உட்கார்ந்தான்.

* * *

இருபத்தொன்றாம் நாள். மணி நாலு ஐந்து.

ஜே.சி.பி. காலையிலேயே வந்து ஈ.பி. கம்பத்தடியில், கரையில், நின்றிருந்தது. அதன் டிரைவர், வரதன் கடையில் மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தான். மெர்சி பீரோவையும் மூன்று டிரம் மீனையும் தெருவில் வைத்துவிட்டு, பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்திருந்தாள். “நீ அவனக் கூட்டிக்கினு வா. நான் எழுந்திரிக்க மாட்டேன். என்ன வாரிட்டுத்தான் ஊட்ட வாரணும்,” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

எட்வர்ட் பேக்கரி படிகளை மூன்று மூன்றாகத் தாவி ஏறினான்.

“சார், மனுதாரரக் கூட்டிக்கினு வந்துட்டேன்!”

அன்புசெல்வன் நிமிர்ந்தார். “யார்?”

“தெரியாது. அதனால மொத்த காலனியையும் கூட்டிக்கினு வந்துட்டேன். ஷேர் ஆட்டோல, டாட்டா ஏஸ்ல, நடந்து. மெர்சியத் தவுர எல்லாரும் கீழ நிக்கிறாங்க. ஃபைலத் தெறங்க. பேரப் படிங்க. அந்தாளு இங்கயேதான் கீறான். அஞ்சு மணிக்குள்ள வாபஸ் வாங்கிடலாம்.”

அன்புசெல்வன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பேக்கரி வாசலை அடைத்துக்கொண்டு நூற்றைம்பது தலைகள். பாதிப் பேர் ஆரஞ்சு உடுப்பை இன்னும் கழற்றவில்லை.

“இது நல்ல யோசனை. பாராட்டறேன்,” என்றார். உண்மையாகவே பாராட்டினார். மேஜை டிராயரிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தார். “வாபஸ் படிவம். நானே பூர்த்தி பண்ணி வெச்சிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி. மனசுல எனக்கும் கஷ்டம்தான் எட்வர்ட். படிவம் இருக்கிற வரைக்கும் நம்பிக்கை இருக்கு. ஒரே ஒரு விதி. மனுதாரர் அந்தக் காலனியில வசிக்கிறவரா இருக்கணும். ‘நான் அங்கே வசிக்கவில்லை’ன்னு எழுதிக் கொடுத்தவங்க யாரும் வாபஸ் வாங்க முடியாது.”

“அப்பிடி எவன் சார் எழுதிக் குடுப்பான்?”

“ஒருத்தர் கொடுத்திருக்கார். நீர்ப் பிரிவுல.”

எட்வர்டுக்கு நினைவு வந்தது. இருபத்தொரு நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். “அது நான்தான் சார்! ஒரு பேஜாருல போட்டது. நான் ஒருத்தன்தான். மீதி அத்தினி பேரும் காலனியிலதான் குடியிருக்காங்க.”

“அப்போ ஒரு பிரச்சினையும் இல்லை,” என்று அன்புசெல்வனும் சிரித்தார். “காயத்ரி! அந்த நீர்நிலை சேர்ப்பு ஃபைலைக் கொண்டு வாம்மா!”

பதிவறையிலிருந்து எழுத்தர் காயத்ரி, தூசி தட்டிக்கொண்டே ஒரு தடித்த கோப்போடு வந்தாள். எட்வர்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். சினிமாக்காரரை நேரில் பார்த்த மாதிரி அவள் கண் விரிந்தது.

“நீங்க… உங்களை எனக்கு நல்லாத் தெரியுமே சார்!”

“எல்லாரும் இதயேதான் சொல்றீங்க. மொதல்ல ஃபைலத் தாம்மா,” என்று எட்வர்ட் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினான். மணி நாலு இருபத்தைந்து.

கோப்பின் மேல்பக்கம் வரைபடங்கள். அதன்கீழ் அவன் வீட்டு டிரம் மீன்களின் போட்டோ. அதன்கீழ் வறண்ட ஏரிச் சான்றிதழ். புரட்டப் புரட்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில், நூல் கோத்த அடித்தாளாக, கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்த ஒரு மனு. மூன்று வருஷத்துப் பழுப்பு. முதல் பக்கம் மட்டும் இருந்தது. அடுத்த பக்கம் கிழிந்து போனதன் அடையாளமாக நூலில் ஒரு காகிதத் துணுக்கு.

‘எங்கள் தெருவில் நாற்பது நாட்களாக மூன்றடித் தண்ணீர் நிற்கிறது. வீட்டு வாசலில் மீன் பிடிக்கிறோம். இது பொய்யல்ல, போட்டோ இணைத்துள்ளேன். தாங்கள் இதை ஏற்றுக்கொண்டு தக்க நடவடிக்கை எடுக்குமாறு…’

அதன் மேல் குறுக்கே சிவப்பு மையில், பெரிய எழுத்தில்: ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது. நடவடிக்கை எடுக்கப்பட்டது.’

எட்வர்ட் நூலில் ஒட்டியிருந்த துணுக்கைத் தொட்டுப் பார்த்தான். அடுத்த பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. கால்வாய் என்ற சொல் இருந்திருக்கும்.

கீழேயிருந்து கங்கம்மாவின் குரல் பேக்கரி வாசனையோடு ஏறி வந்தது. “எட்வர்டூ! ஆளு யாருன்னு தெரிஞ்சுதா நைனா? கல்லு ரெடியாக்கீது!”

அன்புசெல்வன் பேனா மூடியைத் திறந்து வாபஸ் படிவத்தின் மேல் வைத்தார். “சொல்லுங்க எட்வர்ட். யாரைக் கூப்பிடணும்?”

எட்வர்ட் மனுவைப் புரட்டினான். பின்பக்கம் ஒட்டியிருந்த போட்டோவில், தன் வீட்டு வாசலில், இடுப்பளவுத் தண்ணீரில், முழங்கை நீள விரால் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய அவனே சிரித்துக்கொண்டிருந்தான்.